ஓட ஆரம்பித்த நாலாவது வாரம், முட்டிச் சில்லைச் சுற்றி வலி: ஓட்டத்தை நிறுத்தணுமா?

ரேஸ்கோர்ஸ்_புதுசு:

வணக்கம்ங்க. வயசு 34, உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. கம்ப்யூட்டர் வேலை, பகல் பூரா நாற்காலிதான். இதுக்கு முன்னாடி ஓடிப் பழக்கமில்லை. கவுச் டு 5கே திட்டத்தை (புதுசா ஓடறவங்க நடையும் ஓட்டமுமா மாத்தி 9 வாரத்துல 5 கி.மீ. ஓடப் பழகறது) ஆப்ல போட்டு வாரம் மூணு நாள் காலையில கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில ஓடறேன். முதல் மூணு வாரம் ஒண்ணும் தெரியல. நாலாவது வாரம் தொடங்கினதும் வலது முட்டியில வலி வந்துருச்சு.

வலி சில்லுக்குப் பின்னாடியும் சுத்தியும் இருக்கு. இந்த இடம்தான்னு விரல் வெச்சுக் காட்ட முடியல. ஓட ஆரம்பிச்ச முதல் சில நிமிஷம் தெரியும், சூடானதும் குறையும், முடிச்ச பிறகு திரும்ப வரும். படி ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது நல்லாவே வலிக்குதுங்க. நீளமான மீட்டிங் முடிஞ்சு எழுந்தா முட்டி பிடிச்ச மாதிரி இருக்கும். வீக்கம் இல்லை, எங்கயும் அடிபடல. மடக்கும்போது டக்னு சத்தம் வருது, ஆனா அதுல வலி இல்லை.

வீட்டுல "ஓடினா முட்டி தேஞ்சு போயிரும், நடந்தாப் போதும்"ங்கறாங்க. எனக்குத் தெரிய வேண்டியது: ஓட்டத்தை முழுசா நிறுத்தணுமா? எக்ஸ்ரே எடுக்கணுமா? இப்ப போடறது சாதாரண கேன்வாஸ் ஷூ, மாத்தணுமா? மெடிக்கல்ல விக்கற நீ-கேப் (முட்டி உறை) போட்டுட்டு ஓடலாமா?

பிசியோ_வைகை:

நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று குறிப்புகள் முக்கியம்: படி இறங்கும்போது வலி கூடுவது, நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தபின் பிடிப்பது, விரலால் புள்ளி காட்ட முடியாதது. மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் அது ஓட்டக்காரர்கள் "ரன்னர்ஸ் நீ" என்று சொல்லும் பட்டெல்லோஃபெமோரல் வலி, அதாவது முட்டிச் சில்லும் தொடை எலும்பும் சேரும் இடத்து வலி. முட்டிச் சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் மேலும் கீழுமாக வழுக்கி ஓடுகிறது. முட்டி மடங்க மடங்கச் சில்லு எலும்போடு அழுத்தப்படும் விசை ஏறும். படி இறங்குவதும் குத்தவைத்து உட்கார்வதும் அந்த விசையை உச்சத்துக்குக் கொண்டுபோகிற வேலைகள். அங்கே ஏதோ கிழிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. தாங்கப் பழகாத சுமை வந்ததால் அந்த இடம் எரிச்சலடைந்திருக்கிறது.

இடம் மாறினால் கதையும் மாறும். முட்டியின் வெளிப்பக்கம், மூட்டுக் கோட்டுக்கு (தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம்) சற்று மேலே வலித்து, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் தொடங்கி, இறக்கத்தில் மோசமானால் ஐ.டி. பேண்டை, அதாவது தொடையின் வெளிப்பக்கமாக இடுப்பிலிருந்து முட்டி வரை ஓடும் பட்டையைச் சந்தேகிக்க வேண்டும். சில்லின் கீழ்முனையில் ஒற்றை விரலை வைத்து அழுத்தினால் சுள்ளென்று வலிப்பது சில்லுத் தசைநாண். உள்பக்கம், மூட்டுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே வலித்தால், தொடைத் தசைநாண்கள் மூன்று வந்து சேரும் இடத்தின் எரிச்சலாக இருக்கலாம். மூட்டுக் கோட்டிலேயே வலி, திருகும்போது கூடுதல், நடுவில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது என்றால் ஜவ்வு, அதாவது மெனிஸ்கஸ். அதை ஓடிச் சரி செய்ய முயலக் கூடாது.

எக்ஸ்ரே இப்போது வேண்டாம். இந்த வலிக்கு எக்ஸ்ரே பொதுவாகச் சாதாரணமாகத்தான் வரும், சிகிச்சையும் மாறாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலியே இல்லாதவர்களின் முட்டியிலும் ஏதாவது ஒன்று எழுதி வரும். அதைப் படித்துப் பயந்து நடையையும் விடுகிறவர்கள் உண்டு. டக் சத்தம் வலியோ வீக்கமோ இல்லாமல் வந்தால் அதை மறந்துவிடுங்கள்.

தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டியவை வேறு. ஓடிய அன்றோ மறுநாளோ முட்டி கண்ணுக்குத் தெரிய வீங்குவது, மாட்டிக்கொள்வது, நடக்கும்போது மடிந்து விழப்பார்ப்பது, நொண்டாமல் நாலு அடி வைக்க முடியாதது, 90 டிகிரி மடக்க முடியாதது, இரவில் படுத்திருக்கும்போதே வலித்து எழுப்புவது. சிவந்து சூடாகி காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். கீழ்க்கால் எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டாலே வலித்து, ஓட ஓட ஏறிக்கொண்டே போனால் அது முட்டிப் பிரச்சினையே இல்லாமல் எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அங்கே ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும்.

நடை_போதும்:

தம்பி, 82 கிலோ எடையோட தார் ரோட்டுலயும் கல்லுலயும் குதிச்சா முட்டி என்ன ஆகும்? குருத்தெலும்பு தேஞ்சா திரும்ப வளராது. எடையைக் குறைச்சுட்டு அப்புறம் ஓடுங்க. அதுவரைக்கும் நடை, நீச்சல்.

பிசியோ_வைகை:

நடை நல்லதுதான், எடை குறைந்தால் முட்டிக்கு நிம்மதி என்பதும் சரிதான் ஐயா. ஆனால் ஓடினால் தேயும் என்ற கணக்கு பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்குப் பொருந்தவில்லை. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 சதவீதம், போட்டி மட்டத்தில் கடுமையாக ஓடுகிறவர்களிடம் 13.3 சதவீதம் என்று வந்தது. ஓடுவதால்தான் குறைந்தது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. முட்டி நல்லாயிருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுவார்கள் என்பதும் அதில் கலந்திருக்கும். ஆனால் அளவான ஓட்டம் முட்டியை அரைத்துத் தீர்க்கிறது என்று சொல்ல இடமில்லை. குருத்தெலும்பு அளவான சுமைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். அதற்குத் தேவைப்படும் அவகாசத்தைக் கொடுக்காததுதான் கேள்வி கேட்டவரின் பிரச்சினை.

கணக்குப்பிள்ளை:

அந்த அவகாசம் எங்க விட்டுப்போச்சுன்னு திட்டத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தாலே தெரிஞ்சிடும். நடையை விட்டுட்டு ஓடற நிமிஷத்தை மட்டும் எண்ணுங்க.

முதல் வாரம் 60 நொடி 8 தடவை, மொத்தம் 8 நிமிஷம். இரண்டாவது வாரம் 90 நொடி 6 தடவை, 9 நிமிஷம். மூணாவது வாரம் ஒன்றரை நிமிஷமும் மூணு நிமிஷமுமா மாத்தி ரெண்டு சுற்று, அதுவும் 9 நிமிஷம்தான். நாலாவது வாரம் 3, 5, 3, 5. கூட்டினா 16.

ஆக, மூணு வாரம் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நின்னுட்டு, நாலாவது வாரம் ஒரே தாவா முக்கால் பங்குக்கு மேல ஏறுது. நிமிஷத்துக்கு 160 காலடின்னு வெச்சா வலது கால் தரையில இறங்கறது 720 தடவையில இருந்து 1,280க்குப் போகுது. அதோட ஒரே மூச்சுல ஓடற நீளம் 3லிருந்து 5 நிமிஷமாகுது. களைச்ச காலோட வைக்கிற அடி கடைசி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலதான் கெட்டுப்போகும். மூச்சும் இதயமும் சில வாரத்துலயே பழகிடும், தசைநாணும் எலும்பும் மாசக்கணக்குல எடுத்துக்கும். அதனாலதான் "மூச்சு வாங்கல, முட்டி மட்டும் வலிக்குது"ன்னு புதுசா ஓடறவங்க வந்து நிக்கறாங்க.

1996ல ஜாஷ் கிளார்க் எழுதின திட்டம் இது, பல லட்சம் பேரை ஓட வெச்சிருக்கு, குறை சொல்லல. ஆனா 9 வாரம்ங்கறது உடம்புக்குப் போட்ட கெடு கிடையாது. இடையில வாரம் சேர்த்துக்கலாம். ஆப் திட்டினா திட்டட்டும்.

உங்களுக்கு நான் போடற கணக்கு இப்படி. முதல்ல 30 நிமிஷம் வேகமா நடந்து பாருங்க. வலியே இல்லைன்னா 0, தாங்கவே முடியலைன்னா 10னு வெச்சு, பத்துக்கு ரெண்டுக்கு மேல வலி வரலைன்னா ஓட்டத்துக்குத் திரும்பலாம். 1 நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை, 8 தடவை: இது ஒரு வாரம். அடுத்தது ஒன்றரை நிமிஷம் 7 தடவை, மொத்தம் பத்தரை. அப்புறம் 2 நிமிஷம் 6 தடவை, 12. அடுத்தது மூன்றரை நிமிஷம் 4 தடவை, 14. அதுக்கப்புறம் அசல் நாலாவது வாரத்தோட 16. ஒரு வாரத்துல மூணு தடவையும் நல்லபடியா முடிஞ்சாதான் அடுத்த படி. ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல ஒரு முழு நாள் இடைவெளி.

அசல் திட்டத்தோட அஞ்சாவது வாரத்துல இன்னொரு பள்ளம் இருக்கு, இப்பவே சொல்லிடறேன். ரெண்டாவது நாள் 8 நிமிஷம் ரெண்டு தடவை; மூணாவது நாள் நடையே இல்லாம 20 நிமிஷம். அதுக்கு நடுவுல 9 நிமிஷம் ரெண்டு தடவை, அப்புறம் 12ம் 6ம்னு ஒரு வாரத்தைச் செருகுங்க.

ஓடலாமா கூடாதான்னு முடிவு பண்ண: ஓடும்போது வலி பத்துக்கு 3க்குள்ள இருக்கணும், ஓட ஓட ஏறக் கூடாது, நொண்ட வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துல பழைய நிலைக்கு வந்திருக்கணும். மறுநாள் காலையில படி இறங்கிப் பார்க்கறதுதான் பரீட்சை. முந்தின நாளைவிட மோசமா இருந்தா திட்டத்துல முந்தின வாரத்துக்குப் போங்க. 5க்கு மேல போனா அந்த வாரம் ஓட்டமே வேண்டாம், நடை மட்டும்.

அதிகாலை_அஞ்சரை:

ஷூ, நீ-கேப் ரெண்டுக்கும் பதில்.

கேன்வாஸ் ஷூதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே ஷூவில் மூன்று வாரம் வலியில்லாமல் ஓடியிருக்கிறீர்கள். மாற்றுவது நல்லதுதான், ஆனால் மாற்றினால் வலி போய்விடும் என்று எதிர்பார்த்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சாதாரண நியூட்ரல் ஓட்ட ஷூ (பாதத்தின் சாய்வைத் திருத்த முயலாதது) 3,000 ரூபாய் வாக்கிலேயே கிடைக்கும். சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுவதும் நடந்த பாதம் அப்போதுதான் சற்று உப்பியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. கடைக்குள்ளேயே பத்து இருபது அடி ஓடிப் பார்த்து, காலுக்கு இதமாக இருப்பதை எடுங்கள். குதிகால் விளிம்பு ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்தாலோ 600, 700 கி.மீ. தாண்டினாலோ அடுத்தது.

முட்டி வலிக்கிறதே என்று தட்டையான மெல்லிய ஷூவுக்கோ வெறுங்காலுக்கோ ஒரே நாளில் மாறாதீர்கள். முட்டிச் சுமை கொஞ்சம் குறையும், அது கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் போய் உட்காரும். அடுத்த மாதம் அந்த வலிக்கு ஒரு கேள்வி எழுதுவீர்கள்.

நீ-கேப் வலிக்கு மருந்தல்ல. சில்லு வலிக்கு உறை, பட்டி, பிரேஸ் எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றே 2019இல் வந்த அமெரிக்கப் பிசியோதெரபி வழிகாட்டி சொல்கிறது. சில்லுக்கு டேப் ஒட்டுவது மட்டும் முதல் நாலு வாரம் வரை, உடற்பயிற்சியோடு சேர்த்து, வலியைக் குறைக்க உதவலாம். அதை ஒருமுறை பிசியோவிடம் ஒட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

இவற்றைவிடப் பலன் தருவது அடியின் எண்ணிக்கை. வழக்கமான வேகத்தில் ஓடும்போது வலது கால் தரையைத் தொடுவதை 30 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 39 வந்தால் நிமிடத்துக்கு 156 அடி. புதியவர்கள் நீளமாக எட்டி வைப்பார்கள். குதிகால் உடம்புக்கு வெகு முன்னால், முட்டி நீண்டபடி விழும், பிரேக் போடுவது போல. அந்த விசையைத் தாங்க முட்டி ஆழமாக மடங்க வேண்டியிருக்கும். வேகத்தை மாற்றாமல் அடியின் எண்ணிக்கையை 5 சதவீதம் கூட்டினாலே முட்டி வாங்கும் வேலை கண்கூடாகக் குறைகிறது, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அளந்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். 156 என்றால் 164க்குப் போங்கள். போனில் மெட்ரோனோம் ஆப்பை (சீராகத் தாளம் தட்டுவது) 164இல் வைத்து முதலில் ஒரு ஓட்டத் துண்டுக்கு மட்டும் பழகுங்கள், இரண்டு வாரத்தில் முழு ஓட்டத்துக்கும் கொண்டுவரலாம். 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கெண்டைக்கால் கத்தும்.

நிமிடத்துக்கு 180 அடிதான் சரி என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களை ஓட்டப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்த எண் அது. உலகத் தரத்து வேகத்தில் போகிறவர்களின் கணக்கை, கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஓடுகிறவர் ஏன் சுமக்க வேண்டும்?

வேகத்தையும் பாருங்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் அது உங்களுக்கு அதிக வேகம்.

ரேஸ்கோர்ஸ்_புதுசு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். எண்ணிப் பார்த்தேன், 38 வருது. பிசியோ சார், என்ன உடற்பயிற்சி, எத்தனை தடவைன்னு சொல்லுங்க. யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தினமும் காலையில தோப்புக்கரணம் போடறதும் உண்டு, அதைத் தொடரலாமா? ஓடாத நாள்ல சைக்கிள் ஓட்டினா பரவாயில்லையா? ஓடறதுக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கலாமான்னும் ஒரு சந்தேகம்.

பிசியோ_வைகை:

38 என்றால் 152. 160ஐக் குறிவையுங்கள்.

தோப்புக்கரணத்தை ஆறு வாரம் ஒதுக்கி வையுங்கள். முட்டி முழுக்க மடங்கும்போதுதான் சில்லின் மேல் அழுத்தம் அதிகம். இந்தியன் டாய்லெட், சம்மணம், தரையில் குத்தவைப்பது எல்லாவற்றையும் வலி இருக்கும் வரை முடிந்த அளவு குறையுங்கள். அலுவலகத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து முட்டியை நீட்டுங்கள், மேசைக்கு அடியில் காலை நீட்டி வைத்தாலும் போதும்.

உடற்பயிற்சி முட்டிக்கு மட்டும் செய்வதைவிட இடுப்புக்கும் சேர்த்துச் செய்தால்தான் பலன். இடுப்பின் பக்கவாட்டுத் தசை சோர்ந்தால் ஒவ்வொரு அடியிலும் தொடை உள்பக்கம் திரும்பும், சில்லு பள்ளத்தின் வெளிச்சுவரில் உரசும். கண்ணாடி முன் ஒரு படியில் வலது காலில் நின்று இடது குதிகாலை மெதுவாகத் தரைக்கு இறக்கிப் பாருங்கள். முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாய்ந்தாலோ இடுப்பு ஒருபக்கம் சரிந்தாலோ நான் சொல்வது புரியும்.

அந்தச் சோதனையேதான் முக்கியப் பயிற்சியும். உயரம் 10 செ.மீ. போதும், தடிமனான இரண்டு புத்தகம், வழுக்காத பலகை எது வேண்டுமானாலும். 3 நொடி எடுத்து இறங்கி, குதிகால் தரையைத் தொட்டதும் ஏறுங்கள். முட்டி இரண்டாவது விரலின் நேர்கோட்டில் போக வேண்டும். 8 தடவை, 3 சுற்று, இரண்டு காலுக்கும். எல்லோரும் செய்யும் தவறு கீழே போன காலால் தரையை உந்தி எழுவது. அப்படிச் செய்தால் வேலை செய்ய வேண்டிய கால் சும்மா நிற்கும். மூன்று சுற்றும் சுலபமாகிவிட்டால் உயரத்தை 15, பிறகு 20 செ.மீ. ஆக்குங்கள், அப்புறம் முதுகுப்பையில் 3 கிலோ அரிசி.

வலி அதிகமாக இருக்கும் வாரத்தில் இதற்குப் பதிலாகச் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். பாதம் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, முட்டி 45இலிருந்து 60 டிகிரி வரைதான் மடங்க வேண்டும். 90க்கு இறங்கி வீரம் காட்ட வேண்டாம். 45 நொடி, 5 தடவை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு.

இடுப்புக்கு, சுவரை முதுகால் ஒட்டிப் பக்கவாட்டில் படுத்து, மேல் காலை நீட்டியபடி குதிகால் சுவரில் உரசிக்கொண்டே மேலே போகட்டும். கால்விரல் முன்னோக்கி இருக்க வேண்டும், கூரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தொடையின் முன்தசை வேலையைத் திருடிக்கொள்ளும். 12 தடவை, 3 சுற்று. மல்லாந்து படுத்து முட்டி மடக்கி இடுப்பைத் தூக்கும் பாலம் 12 தடவை, 3 சுற்று. பின்தொடை பிடித்துக்கொண்டால் பாதம் தூரமாக இருக்கிறது, கிட்டே இழுங்கள். கெண்டைக்காலுக்குப் படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது 15 தடவை, 3 சுற்று. இரண்டு காலில் தொடங்கி ஒற்றைக் காலுக்கு வாருங்கள்.

வாரம் மூன்று நாள் போதும், தினமும் வேண்டாம். ஓடிய அன்றே ஓட்டத்துக்குப் பிறகு செய்தால் மறுநாள் முழு ஓய்வு கிடைக்கும். பயிற்சி செய்யும்போதும் வலிக்கு அதே 3 என்ற எல்லைதான். ஆறு வாரத்துக்கு முன் பலன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். வலி நின்ற பிறகும் மூன்று மாதம் வரை தொடருங்கள். பலர் இரண்டாவது வாரத்தில் வலி குறைந்ததும் விட்டுவிட்டு, 5 கி.மீ. வரும்போது மறுபடி அதே இடத்தில் நிற்கிறார்கள்.

மாத்திரை: ஓடுவதற்கு முன் வேண்டவே வேண்டாம். 3 எது, 5 எது என்று சொல்ல இருக்கும் ஒரே அளவுகோல் வலிதான், அதையே அணைத்துவிட்டு ஓடினால் கணக்குப்பிள்ளை போட்ட திட்டத்துக்கு அர்த்தமில்லை. தவிர ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளைப் போட்டு வியர்த்து நீர் வற்ற ஓடுவது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. ஓடி முடித்தபின் துணி சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம் வைக்கலாம், வலி குறையும், அவ்வளவுதான். தைலம் தேய்ப்பதில் தப்பில்லை, சில்லு மேல் வெறித்தனமாக அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் சரி.

அதிகாலை_அஞ்சரை:

சைக்கிள் தாராளமாக ஓட்டலாம், ஆனால் சீட்டைப் பார்த்துவிட்டு. நம் ஊரில் பாதிப்பேர் கால் தரையில் முழுதாக ஊன்றும் அளவுக்குச் சீட்டை இறக்கி வைத்திருப்பார்கள். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அதிகமாக மடங்கி, ஓட்டத்தில் மிச்சப்படுத்தியதை இங்கே செலவழித்துவிடும். சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளுங்கள். அடியில் வரும்போது முட்டி நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் 25இலிருந்து 35 டிகிரி மடக்கம் தானாக வரும். கனமான கியரில் நின்று மிதிக்காமல் லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று வாக்கில் போங்கள். பாலம், மேடு வந்தால் முதல் சில வாரம் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்.

நீச்சல் என்றால் தவளை உதை வேண்டாம், அது முட்டியின் உள்பக்கத்தைத் திருகும். கையை மாற்றி மாற்றிப் போடும் சாதாரண நீச்சல் போதும்.

கணக்குப்பிள்ளை:

இன்னொண்ணு. ரேஸ்கோர்ஸ்ல எல்லா நாளும் ஒரே பக்கமாத்தான் சுத்தறீங்கன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் எதிர்ப்பக்கமா சுத்துங்க. நடைபாதை கொஞ்சம் சாய்வா இருந்தாலும் அந்தச் சாய்வை ஒரே கால் எப்பவும் வாங்கிட்டு இருக்கும். ரோட்டுல ஓடினா ஓரத்துச் சரிவை விட்டுட்டு, வண்டி இல்லாத நேரமாப் பார்த்து மட்டமான இடத்துல ஓடுங்க. உக்கடம் மேம்பாலம் மாதிரி நீளமான இறக்கத்தை இப்போதைக்குத் தொடாதீங்க. இறக்கத்துல மூச்சு வாங்காது, வேகம் தானா ஏறும், ஆனா சில்லுக்குச் சுமை ஏத்தத்தைவிட இறக்கத்துலதான் ஜாஸ்தி.